காகிதமும் கப்பலும்

வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நம் துறைமுகத்துக்கு வருகிறது. அது பாதுகாப்பானது என்பதற்கு என்ன அத்தாட்சி? அது பறக்கவிடும் கொடிக்குரிய நாடு தந்த சான்றிதழ்தான். 1974-ம் ஆண்டின் சோலாஸ் ஒப்பந்தப்படி, ஒரு உறுப்பு நாட்டின் சான்றிதழை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும். கப்பலின் நிலை அதற்குப் பொருந்தவில்லை என்று கருதத் தெளிவான காரணம் இருந்தால் மட்டுமே தடுத்து நிறுத்தலாம்.

விதிகள் மாறும் காலத்தில்தான் சிக்கல். பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு 1998 ஜூலை 1 முதல் பயணிகள் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் கட்டாயமானது. கண்டெய்னர் கப்பல்களுக்கோ 2002 ஜூலை 1 வரை அவகாசம். நான்கு ஆண்டுகள், ஒரே துறைமுகத்தில் இரண்டு அளவுகோல்கள்!

அவகாசம் நியாயமே. உலகின் எல்லாக் கப்பல்களையும் ஒரே நாளில் பரிசோதிக்க முடியாது. ஆனால் அவகாசம் முதலாளிக்கு. ஆபத்து மாலுமிக்கும் மீனவருக்கும். 2025 மே 25 அன்று லைபீரியக் கொடியுடன் வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல், 640 கண்டெய்னர்களுடன் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். காரணம் எதுவானாலும், விலை கொடுத்தது கேரளக் கடற்கரை.

ஆகவே, மாறுதல் காலத்தில் சான்றிதழின் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. அதிகாரி எஞ்சின் அறைக்குள்ளும் இறங்க வேண்டும்.