கம்ப்யூட்டர் காட்டாத விஷம்

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். சிலருக்குக் கண் தெரியவில்லை. பலரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 60 பேருக்கு மேல் பிழைக்கவில்லை. காரணம், மெத்தனால். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைப் பதம் பார்க்கும் எரிசாராயம் அது.

இப்படிப்பட்ட விஷத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் ஒன்று ஜிசி-எம்எஸ். முதல் பாதி, கலவையில் உள்ளதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும். அடுத்த பாதியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், வருகிற ஒவ்வொன்றையும் எலக்ட்ரானால் அடித்து நொறுக்கித் துண்டுகளின் நிறையைக் குறித்துக்கொள்ளும். மெத்தனால் என்றால் 31 ஓங்கி நிற்கும், பக்கத்திலேயே 32. சாதாரண மதுவான எத்தனாலுக்கும் 31தான் பெரிசு. ஆனால் 45, 46 கூடவே வரும்.

அந்தக் கோடுகளைப் படிக்கத்தான் சாஃப்ட்வேர். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தரும் 'ஆம்டிஸ்' இலவசம். ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தச் சோதனைகளுக்காக உருவானது அது. ஒன்றோடொன்று ஒட்டி வரும் பொருட்களைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. 'ஓப்பன்குரோம்' என்று இன்னொன்றும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் லட்ச ரூபாய்க் கருவி இல்லாமலே லேப்டாப்பில் பழகலாம். பழகினால் வேலையும் இருக்கிறது. சேலத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம்.

பட்டனை அழுத்தக் கற்பது ஒரு மணி நேர வேலை. சிக்கல் வேறு இடத்தில். காற்றிலுள்ள நைட்ரஜன் 28-லும் ஆக்சிஜன் 32-லும் தொந்தரவு செய்யும் என்பதால், பல ஆய்வகங்களில் கருவியை 40-க்கு மேல்தான் பார்க்க வைத்திருப்பார்கள். கரைப்பான் வந்து போகும் முதல் சில நிமிடங்கள் பதிவையே நிறுத்தியும் வைப்பார்கள். மெத்தனாலோ முந்திக்கொண்டு வருவது. அதன் எண்களோ 31, 32. அந்த அமைப்பில் எடுத்த கோப்பை எந்த சாஃப்ட்வேரில் திறந்தாலும் விஷம் இருக்காது. பாட்டிலில் இருக்கும்!

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கலாம். மெத்தம்பெட்டமைன் தடை செய்யப்பட்ட போதைப்பொருள். ஃபென்டர்மின் எடை குறைக்கும் மாத்திரை. இரண்டின் மூலக்கூறு நிறையும் 149. இரண்டிலும் பெரிய கோடு 58. நூலகத்தோடு ஒப்பிட்டு சாஃப்ட்வேர் 999-க்கு 900 மார்க் போட்டுவிட்டது என்பதற்காக ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? 134-ல் சின்னக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஃபென்டர்மினின் அடையாளம். தரமான மாதிரியை அதே கருவியில் ஓட்டி, இரண்டும் ஒரே நிமிடத்தில் வெளியே வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்கள் காபியில் தொடங்கலாம். கஃபீனுக்கு 194, 109 இரண்டும் பளிச்சென்று நிற்கும். சாஃப்ட்வேர் சொல்லும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் தாங்களே ஒரு பெயரை நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு கையை எடுக்கலாம்.