விஷக்கடி வார்டிலும் ஆய்வு நடக்கட்டும்

கண்ணாடி விரியன் கடித்தவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தால், விஷமுறிவு மருந்தை ஏற்றும் முன் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் ஒவ்வாமைக்கான ஊசியும் போடுவது நெடுங்காலப் பழக்கம். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் விஷமுறிவு மருந்து பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூச்சு திணறும், ரத்த அழுத்தம் சரியும். அதற்கான முன்னெச்சரிக்கை இது.

இந்த முன்னெச்சரிக்கை பலிக்கிறதா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் பாம்புக்கடிக்கு ஆளான 1,007 பேர் பங்கேற்றனர். நான்கில் மூவருக்கு ஒவ்வாமை வந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒவ்வாமைக்கான புரோமெதசினும் அதைக் குறைக்கவில்லை. தோலுக்கடியில் போட்ட கால் மில்லி அட்ரினலினோ, கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைத்தது. அதோடு ஹைட்ரோகார்ட்டிசோனையும் சேர்த்துப் போட்டபோது இந்தப் பலனும் இல்லாமல் போனது. காலங்காலமாக நம்பிப் போட்டுவந்த ஊசி, பலன் தரும் ஊசிக்கே குறுக்கே நின்றிருக்கிறது!

தலைக்காயத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. மூளை வீக்கத்தைத் தணிக்கும் என்று பல நாடுகளிலும் பல்லாண்டுகளாக ஸ்டிராய்டு கொடுத்துவந்தார்கள். ‘கிராஷ்’ என்ற பன்னாட்டு ஆய்வு 10,008 நோயாளிகளைச் சேர்த்த நிலையில் 2004இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஸ்டிராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9. அதுவரை நல்ல எண்ணத்தோடு அந்த ஊசியைப் போட்ட எந்த மருத்துவருக்கும், தன் வார்டில் நூற்றுக்கு மூன்று உயிர் கூடுதலாகப் போவது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட்டால்தான் அது புலப்படும்.

அட்ரினலினும் ஹைட்ரோகார்ட்டிசோனும் மலிவான பழைய மருந்துகள். இவற்றைச் சோதித்து எந்த நிறுவனமும் லாபம் பார்க்கப்போவதில்லை. ஆகவே, சோதனைச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030க்குள் அதைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024இல் செயல்திட்டம் வெளியிட்டது; அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால், எண்ணிக்கை தெரிவதாலேயே எந்தச் சிகிச்சை மேல் என்பது தெரிந்துவிடாது. தொடக்கத்தில் எத்தனை குப்பி மருந்து ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் கொண்டு தயாராகும் மருந்து, வேறு வட்டாரப் பாம்புகளின் விஷத்தை எவ்வளவு முறிக்கும் என்பதும் விடை தேடும் கேள்வியே.

ஏழை நோயாளிகளைச் சோதனை எலிகளாக்குவதா என்று கேட்பார்கள். இந்திய மருந்துச் சோதனைகளின் வரலாறு அறிந்தவர்கள் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட மாட்டார்கள். நினைவிழந்து வருபவரிடம் ஒப்புதல் கேட்க முடியாது. பதறி நிற்கும் மனைவியிடம் நீட்டப்படும் தாளில் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று சொல்லவும் முடியாது. எனவே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இரண்டு முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளிலிருந்து தொடங்கலாம். தமிழில் விளக்கம், நோயாளி தெளிந்ததும் மீண்டும் ஒப்புதல், விலகும் உரிமை, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு, ஆய்வைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் கொண்ட சுயேச்சைக் குழு ஆகியவற்றில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சோதிக்காத சிகிச்சையைத் தொடர்வதும் நோயாளி மீது நடக்கும் சோதனைதான். அதற்கு ஒப்புதலும் கிடையாது, கணக்கும் கிடையாது.

பாம்புக்கடி நோயாளிகள் அதிகம் வரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை இணைத்து, தனி நிதியும் ஆய்வுச் செவிலியர்களும் கொடுத்து, குப்பி அளவு பற்றிய ஒப்பீட்டை மாநில அரசு முதலில் தொடங்க வேண்டும். இரவுப் பணியில் தனியாகத் திண்டாடும் பயிற்சி மருத்துவர் தலையில் ஆய்வுப் படிவங்களையும் கட்டினால் ஆய்வு தேறாது. அதுவரை, கடித்த நேரம், முதல் குப்பி ஏற்றிய நேரம், ஏற்றிய குப்பிகள், முன்னதாகப் போட்ட ஊசிகள் ஆகிய நான்கும் ஒவ்வொரு பாம்புக்கடி அறிக்கையிலும் கட்டாயம் இடம்பெற சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.