அடுப்பு மாற வேண்டாம், ஜெட் மாற வேண்டும்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மீ கோரெங் வாணலிக்கு அடியில் சீறும் தீயைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துத் தோம்பில் இருப்பது எல்.பி.ஜி. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தித் திரவமாக்கியது. பாலத்தைத் தாண்டினால், பிறை மின்நிலையத்துக்குக் குழாயில் வருவது இயற்கை வாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் சில பேரங்காடி உணவகங்களும் இந்தக் குழாய் வாயுவில்தான் சமைக்கின்றன.

அப்படியொரு உணவகத்தின் பழைய அடுப்பு மலிவாகக் கிடைத்தால், பினாங்கு அங்காடிக்காரர் ஒருவர் வாங்கித் தோம்பில் மாட்டலாமா? மாட்டினால் எரியும். அதுதான் ஆபத்தே.

வாயு வெளிவரும் சிறிய பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பெயர். ஒரு கன மீட்டர் மீத்தேன் சுமார் 38 மெகாஜூல் வெப்பம் தரும். புரோப்பேன் சுமார் 95. அதாவது இரண்டரை மடங்கு. ஆனால் புரோப்பேன் கனமானது. மூலக்கூறு நிறை 44, மீத்தேனுக்கு 16. 16-ஐ 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.6. அதே அழுத்தத்தில் அதே துளை வழியே புரோப்பேன் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் வரும். 2.5 × 0.6 = 1.5. எல்.பி.ஜி. அடுப்புக்கு வரும் அழுத்தமும் பொதுவாகக் கூடுதல் என்பதால், மொத்தத்தில் தீ ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

காற்று மட்டும் அதற்கேற்பக் கூடுவதில்லை. ஒரு பங்கு மீத்தேனுக்குப் பத்துப் பங்கு காற்று போதும். புரோப்பேனுக்கு 24 பங்கு வேண்டும். காற்று போதாத தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், கார்பன் மோனோக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எல்.பி.ஜி. அடுப்பைக் குழாய் வாயுவில் மாட்டினால் தீ மெலிந்துபோகும். உடனே துளையிடும் கருவியை எடுத்து ஜெட்டைப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கண்டிக்க வேண்டிய முதல் பழக்கம் இதுதான். நாளை அதே அடுப்பு மீண்டும் தோம்புக்கு வந்தால், பெரிதான துளையைப் பற்றி யார் சொல்வார்கள்? அந்தந்த வாயுவுக்கென்று அளவு பொறித்த ஜெட்டுகள் இருக்கின்றன. 70 என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 0.70 மில்லிமீட்டர் என்று பொருள். அதை மாற்றி, காற்று வரும் வழியையும் சரிசெய்து, அழுத்தச் சீராக்கியையும் பொருத்தமானதாகப் போட வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலை இது.

"தீயின் நிறத்தைப் பார்த்தே சரிசெய்துவிடுவேன்" என்பார்கள் அனுபவசாலிகள். அவர்கள் கைத்திறனை நான் மறுக்கவில்லை. தெருவோரக் கடையில் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். சன்னல் அடைத்த அடுக்குமாடிச் சமையலறையில் போகாது. பிரிட்டன் 1967 முதல் 1977 வரை நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாறியபோது, ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு ஆள் அனுப்பி அடுப்புகளின் பாகங்களை மாற்றியது. செலவு மிச்சமென்று கண்மதிப்பில் விட்டுவிடவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். எந்த வாயு, எவ்வளவு அழுத்தம் என்று இருக்கும். கசிவு உணரும் கருவி இருந்தால் அதன் இடத்தையும் கவனியுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையிலும் கால்வாயிலும் தேங்கும். ஆகவே கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும். அதற்குக் கூரையை ஒட்டி.