ஐந்துக்கு ஐந்து

பனவடலிசத்திரம் என்றால், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் பஸ் ஒரு நிமிஷம் நின்று புறப்படும் இடம் என்பதற்கு மேல் வெளியூர் நேயர்களுக்கு ஒன்றும் தெரிந்திராது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் உண்டு; பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது நமக்கு ஜீவனமாக ஏற்பட்டிருக்கிறது.

ஆங்கிலப் பரீட்சையில் 'காம்ப்ரிஹென்ஷன்' என்று ஒரு பகுதி வருகிறதல்லவா? முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே நாலைந்து கேள்விகள் கேட்பார்கள். வாசித்து விஷயத்தை அறிந்துகொண்டு விடை எழுத வேண்டும். மற்ற விடைகளையெல்லாம் நெட்டுருப் போட்டுவிடலாம். இதற்கு அது பலிக்காது. ஆகையால் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் திணறுவார்கள் என்று நேயர்கள் எண்ணக் கூடும். நடப்பதோ நேர்மாறு. இந்தப் பகுதியில்தான் அவர்கள் வெகு சுளுவாக மார்க் வாங்குகிறார்கள். நம்முடைய கவலைக்கும் அதுவே காரணம்.

எப்படி வாங்குகிறார்கள் என்று ஒரு திருஷ்டாந்தம் காட்டுகிறோம். "குமுடன் சிலப்பத்தில் தவுக்கினான்" என்று ஒரு வாக்கியம். இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது; இப்போதுதான் நாம் கட்டியது. குமுடன் எங்கே தவுக்கினான்? சிலப்பத்தில். யார் தவுக்கினது? குமுடன். குமுடன் என்ன செய்தான்? தவுக்கினான். மூன்று கேள்விக்கும் முழு மார்க்! குமுடன் யார், தவுக்குவது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று நமக்கும் தெரியாது, நேயர்களுக்கும் தெரியாது. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அது அகப்பட்ட வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுவதற்குப் புத்தி வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். இந்த வித்தையைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. "கேள்வியை முதலில் படி, விடையைப் பின்னால் தேடு" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்கள் நாமேதான்.

சென்ற தை மாதம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். நம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி. அவளுடைய தகப்பனாருக்கு நாலு ஏக்கர் மக்காச்சோளம் மார்கழி மழையில் சாய்ந்து போயிற்று. பயிருக்கு இன்ஷ்யூர் செய்திருந்தார். ஒரு நாள் டீக்கடையில் அவரைச் சந்தித்தபோது, பணம் வந்ததா என்று விசாரித்தோம்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு காயிதம் போட்டுட்டான் ஸார். பாப்பாதான் படிச்சுச் சொன்னா" என்றார்.

நமக்கு ஏதோ உறுத்தியது. காகிதத்தைக் கொண்டு வரச் சொன்னோம். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை எடுத்து வந்தார். ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி. அதன் சாரம் இதுதான்: 20-ஆம் தேதிக்குள் அடங்கல் நகலைக் கொண்டு வந்து கொடுக்காவிட்டால் உம்முடைய மனு முடித்து வைக்கப்படும். நாம் அதைப் படித்த அன்று தேதி 26.

மறு நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். "முழுசும் படிச்சேன் ஸார். அப்ளிகேஷன் க்ளோஸ் ஆயிடும்னு இருந்துச்சு" என்றாள். அதற்கு அப்புறம் என்ன இருந்தது என்றோம். கொஞ்ச நேரம் யோசித்து, "அன்லெஸ்னு ஏதோ வந்துச்சு ஸார்" என்றாள். அந்த வாரம் நாம் வைத்த பரீட்சையில் இதே பகுதியில் அவளுக்கு ஐந்துக்கு ஐந்து. சிவப்பு மசியில் நாமே போட்ட மார்க்.

அவள் மேல் குற்றமில்லை என்பது பிறகு யோசித்தபோது விளங்கிற்று. தமிழில் நிபந்தனை முன்னால் வரும். முடிவு கடைசியில் வரும். 'கொடுக்காவிட்டால்' என்று ஆரம்பித்து 'முடித்து வைக்கப்படும்' என்று நிற்போம். வினைமுற்று வந்ததா, வாக்கியம் தீர்ந்தது; மூச்சு விடலாம். இங்கிலீஷ்காரன் தலைகீழாகச் சொல்கிறான். மனு முடிக்கப்படும் என்று முதலில் நம் வயிற்றைக் கலக்கிவிட்டு, 'அன்லெஸ்' என்று ஒரு சிறு சொல்லைப் போட்டுப் பிழைக்கும் வழியைப் பின்னால் வைக்கிறான். தமிழ்க் காதுக்குப் பாதியிலேயே வாக்கியம் முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைத்தான் அந்தப் பெண் தகப்பனாருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் அடங்கலை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பினார். தேதி கடந்துவிட்டதென்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த விதைப்புச் செலவுக்காவது அந்தப் பணம் ஆகியிருக்கும்.

இது கரிசல் காட்டுக்கு மாத்திரம் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தார்ண்டைக் என்ற மனோதத்துவ ஆசிரியர் 1917-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிராங்க்ளின் என்னும் ஊரில் 7 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் யாவரும் பள்ளிக்கூடம் போக வேண்டும். பிள்ளைக்கு நோய், வீட்டில் தொற்று வியாதி, நடக்க முடியாத பாதை, இவை இருந்தாலொழிய. இப்படி ஒரு சிறு பத்தியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சில கேள்விகள் கேட்டார். இந்தப் பத்தி எதைப் பற்றியது என்ற கேள்விக்குச் சில பிள்ளைகள் "பிராங்க்ளின்" என்று எழுதினார்களாம்! எந்தச் சொல் உரக்கக் கூவுகிறதோ அதைப் பிடித்துக் கொண்டார்கள். வாசிப்பது என்பது கணக்குப் போடுவதைப் போன்ற வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து நிறுத்தால்தான் விடை வரும் என்பது அவர் கண்ட முடிவு. அவர் கொடுத்த பத்தியிலும் அதே 'அன்லெஸ்' உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

சீன தேசத்தில் இந்த விஷயம் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் 'காவ்காவ்' என்ற பரீட்சையில் தேறித்தான் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் சர்வகலாசாலைக்குப் போக முடியும். 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க்கில் ஆங்கிலத்துக்கு 150. அதில் பார்த்திராத பத்திகள் நாலைந்து வந்துவிடும். பயிற்சிப் புஸ்தகங்களை மலைபோல் குவித்துக்கொண்டு பிள்ளைகள் உருண்டு புரளுகிறார்கள். கேள்வியை முதலில் படிக்கும் உபாயம் அங்கேயும் தெரிந்ததுதான். ஆனால் விடை ஒவ்வொன்றையும் நாலு விடைகளிலிருந்து பொறுக்க வேண்டும். பத்தியிலுள்ள சொற்களையே போட்டுத் தப்பான விடைகளையும் அமைத்திருப்பார்கள். பத்தியின் கருத்து என்ன, இந்தச் சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள் என்றும் கேட்பார்கள். கண்ணை மட்டும் நம்பி வருகிறவன் அங்கே இடறி விழுகிறான். அந்த ஒரு அம்சத்தில் நமக்கு அவர்களிடம் பொறாமைதான். அத்தனை பெரிய மலை மட்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

தை மாதத்துக்குப் பிறகு நாம் செய்துவருவதைச் சொல்கிறோம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற சட்டத்தைப் பதினைந்து வருஷம் கண்டிப்பாக நடத்தி வந்தோம். அதைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. பத்தியை வாசித்த உடன் கேள்வித் தாளை மூடச் சொல்லி, "இதில் என்ன இருக்கிறது? உன் பாட்டியிடம் சொல்வதுபோல் சொல்" என்று தமிழில் கேட்கிறோம். முதல் வாரம் வகுப்பே ஊமையாகிவிட்டது. ஐந்து மார்க் வாங்கியவர்களுக்கு ஐந்து வார்த்தை சொல்ல வாயில்லை.

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாட நூலில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கில உருவத்தில் இருக்கிறது. ஆசிரியர் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். நமக்கு அயல் கரிசல். வீட்டுக்கு ஆசையோடு வந்த நாற்காலி, பிறகு துஷ்டி வீடுகளுக்கு இரவல் போக ஆரம்பிக்கிற கதை. அகராதியையே தொடாமல் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெரியாத சொற்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் துஷ்டி வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் தெரியாத சொல்லைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டது. அதே நூலில் ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடுவதைப் பற்றி எழுதிய கட்டுரையும் உண்டு. அதற்கு மட்டும் கொட்டாவி விட்டார்கள். சரியென்று, டீ மாஸ்டர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்து எழுதிவரச் சொன்னோம். மறு நாள் கட்டுரையை வாசித்தால், சர்க்கரையே கூடாது என்று அந்த மனிதர் சொல்லும் இடத்தில் வகுப்பில் பெரிய கலகம்! "அவருக்கு நம்ம கடை டீயைக் கொடுக்கணும் ஸார்" என்றான் ஒருவன். சண்டை போட வேண்டுமானால் முதலில் விஷயம் புரிந்திருக்க வேண்டுமே.

வீட்டிலுள்ள பெரியவர்கள் இதற்கு உதவி செய்யலாம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம், விதைப் பையின் முதுகு, பாங்கியிலிருந்து வரும் கடிதம், பரீட்சை ஹால் டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள். என்ன செய்யச் சொல்கிறான், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் கேளுங்கள். பதிலில் இடறல் இருந்தால் பாட்டிக்கே தெரிந்துவிடும். "அப்போ அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா, கூடாதா?" என்று பாட்டி இரண்டாம் முறை கேட்டால், பிள்ளை அந்த வரியைத் திரும்பப் படித்துத்தான் தீர வேண்டும். மேலதிகாரிகளின் சுற்றறிக்கைகளில் இப்படிப்பட்ட பரீட்சகரை நாம் கண்டதில்லை.

பங்குனியில் அந்த வீட்டுக்கு வேறொரு கடிதம் வந்தது. நாம் அங்கே போயிருந்த சமயம். பெண் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். முதல் வரியின் கீழே கோடு போட்டாள், நிறுத்தினாள், மேலே போனாள். தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாப்பா எழுதியிருக்கான்?"

"இருங்கப்பா. வாக்கியம் இன்னும் முடியலை."