மாடி மழையும் மாய எண்ணும்

தோழனே, வாசலில் வந்து நிற்கிறான் ஒரு வணிகன். கையிலே பேனா போன்றதொரு கருவி. மாடியில் பிடித்த மழைநீரில் முக்குகிறான்: 20. குழாய் நீரில் முக்குகிறான்: 600! “பார்த்தீரா, நஞ்சு!” என்று கூவி, மாதத் தவணையில் இயந்திரமொன்றை உன் தலையில் கட்டப் பார்க்கிறான்.

எதை அளந்தான் அவன்? நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே! அதை 0.5, 0.7 போன்றதோர் எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்று காட்டுகிறது கருவி. இந்தியத் தரநிலை 500 வரை நன்று என்கிறது. வேறு நீர் இல்லாவிடில் 2000 வரை ஏற்கிறது. 600 என்றவுடன் நஞ்சாகி விடுமா?

அந்த 20 மட்டும் தூய்மைக்குச் சான்றா? அதுவுமில்லை. புறா எச்சத்தின் கிருமி கருவிக்குத் தெரியாது. உடலைக் கெடுக்கப் போதுமான ஈயம் கலந்தாலும் எண் அசையாது.

கருவியை உடைத்தெறியச் சொல்லவில்லை. முதல் மழையையும் மூன்றாம் மழையையும் அளந்து பார். எண் இறங்கினால் கூரைத் தூசு கழுவப்பட்டதை அறியலாம். அதற்கு அது போதும்.

2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் கட்டாயமாயிற்று. கட்டாயப்படுத்தத் தெரிந்த அரசு, தொழிலாளர் குடியிருப்புதோறும் கிருமிச் சோதனையை இலவசமாகச் செய்து தரட்டும்! அதுவரை முதல் மழையை வழியவிடு. பின்னர் பிடித்ததைக் கொதிக்க வைத்துக் குடி.