புது எஞ்சினுக்கும் ஒரு பக்குவம் உண்டு

 

கிழக்கிலிருந்து ஒரு தாய் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் பார்சல் விநியோக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தனது இரண்டு காப்புகளையும் விற்று, மீதியைக் குடும்பத்தாரிடம் கைமாற்றாக வாங்கி, அவனுக்குப் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாகனம் வாசலுக்கு வந்த நாள் முதல் ஆளுக்கொரு புத்தி சொல்கிறார்களாம். "ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் வரை நாற்பதைத் தாண்டாதே" என்பது மாமாவின் கட்டளை. "முதல் நாளே நன்றாக முறுக்கி ஓட்டு, அப்போதுதான் எஞ்சின் திறக்கும்" என்பது தெருமுனைக் கராஜ்காரரின் ஆலோசனை. மகன் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. "இதில் யார் சொல்வது சரி?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் பல வீடுகளில், பல வருடங்களுக்குப் பிறகு, புத்தம் புதிய எஞ்சின் ஒன்றின் சத்தம் கேட்கிறது. பல இலட்சம் கொடுத்து வாங்கும் பொருள்; பலருக்கு அதுவே பிழைப்பு. ஆகவே விடயத்தைச் சற்று விளக்கமாகவே நோக்குவோம்.

சுருக்கமான பதில் இதுதான்: மாமாவும் பாதி சரி, கராஜ்காரரும் பாதி சரி. இருவரும் மற்றப் பாதியில் பிழை விடுகிறார்கள்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் தொழிற்சாலையில் வேண்டுமென்றே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். ஹோனிங் என்று இதற்குப் பெயர். அந்தக் கீறல்களில் ஒயில் தங்கி நிற்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்குகள் மேலும் கீழும் ஓடி, அக்கீறல்களின் கூரிய முனைகளை மெல்ல மெல்லத் தேய்த்து, சுவரோடு பொருந்திக்கொள்ளும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலத்தான். இந்தப் பழக்கத்துக்கே ரன்னிங்-இன் என்று சொல்கிறோம். பொருத்தம் சரியாக அமைந்தால் வெடிக்கும் வாயு கீழே கசியாது, ஒயில் மேலே ஏறாது. எஞ்சினின் பலமும் ஆயுளும் பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகின்றன.

இனி, றிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு ஒரு சிறு பங்குதான். பெற்றோல் எரியும்போது உண்டாகும் வாயு றிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் ஓரளவு பாரம் இழுத்தால்தான் அந்த அழுத்தம் போதிய அளவு கிடைக்கும். பாரமே கொடுக்காமல் வருடிக் கொண்டே ஓட்டினால், கீறல்களில் உள்ள ஒயில் சூட்டில் வார்னிஷ் போலப் படிந்து, சுவர் பளபளப்பாகிவிடும். பிறகு றிங் பொருந்த இடமில்லை. சைலன்சரில் நீலப் புகை, அடிக்கடி ஒயில் குறைதல் எல்லாம் இதன் விளைவுகள். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர அதற்கு வேறு பரிகாரம் இல்லை எனலாம்.

கராஜ்காரர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். வாங்கி வந்த வாகனத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, மணித்தியாலக் கணக்கில் ஸ்டார்ட்டில் விட்டுப் 'பழக்கும்' வழக்கமும் இதனால்தான் கூடாது. அதில் பாரமும் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றும் இல்லை.

பாரம் வேறு, சுற்று வேறு

ஆனால் கராஜ்காரர் ஒன்றைக் கவனிக்கவில்லை. எஞ்சினுக்குத் தேவை அளவான பாரம். அளவுக்கு மிஞ்சிய சுற்று அல்ல. புதிதாகத் தேய்கின்ற இடங்களில் சூடு அதிகம். சூட்டில் பிஸ்டன் விரியும். இடைவெளி குறைந்து, ஒயில் படலம் அறுந்து, உலோகத்தில் உலோகம் உரசினால் பிஸ்டனிலும் சுவரிலும் ஆழமான கோடுகள் விழும். சில வேளை எஞ்சின் பிடித்து நின்றுவிடும். ஓடும் பாதையில் பின்சக்கரம் திடீரென இறுகினால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மாமாவின் 'நாற்பது' கணக்கும் முழுமையானதல்ல. நான்காம் கியரில் நாற்பது என்றால் எஞ்சின் அமைதியாக இருக்கும். இரண்டாம் கியரில் அதே நாற்பதுக்கு அலறும். ஆகவே வேகத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. இன்னொரு பக்கம், 'நோகாமல் ஓட்டுகிறேன்' என்று நான்காம் கியரில் இருபதில் உருட்டி, எஞ்சின் முக்க முக்க ஏற்றத்தில் ஏற்றுவதும் கெடுதியே. சுற்றுக் குறைவாக இருக்கும்போது ஒயில் ஓட்டமும் குறைவு. ஒவ்வொரு வெடிப்பும் பெயாரிங்குகளில் சம்மட்டி போல விழுகிறது. எஞ்சின் முக்கினால் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

சிவப்புக் கோடு எதற்கு?

சுற்றுமானி உள்ள வாகனங்களில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது அலங்காரத்துக்கு அல்ல. சிறு கணக்கொன்று பார்ப்போம். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 133 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் முற்றாக நின்று திரும்புகிறது. ஒரு செக்கனில் 266 தடவை! சுற்று இரட்டித்தால் பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் இழுக்கும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 4,000இல் ஓடும் எஞ்சினை 8,000க்கு முறுக்கும் இளைஞன் இதை அறிந்து கொள்ள வேண்டும். கோட்டையும் தாண்டினால் வால்வு ஸ்பிரிங்குகளுக்கு வால்வை உரிய நேரத்தில் மூட அவகாசம் போதாது. ஏறி வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதவும் கூடும்.

"இப்போதைய வாகனங்களில் லிமிட்டர் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். சுற்று எல்லை மீறினால் அது தீப்பொறியையோ பெற்றோலையோ தடுத்துவிடும். ஆனால் வேகமாகப் போகும்போது நான்கிலிருந்து தவறுதலாக இரண்டுக்குப் போட்டுக் கிளச்சை விட்டால், எஞ்சினைச் சுழற்றுவது பெற்றோல் அல்ல, பின்சக்கரம். அங்கே லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

சுற்றுமானி இல்லாத சிறிய வாகனங்கள்தான் நம்மிடம் அதிகம். அவற்றுக்குக் கையேட்டில் கியருக்குக் கியர் வேக அளவு தரப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லாவிட்டால் காதும் கையும் போதும். அலறினால் கியரைக் கூட்ட வேண்டும்; முக்கினால் குறைக்க வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீற்றர்

உங்கள் வாகனத்தின் கையேடு சொல்வதே முதற் சட்டம். ஹொண்டாவின் கையேடுகள் முதல் 500 கிலோமீற்றரில் முழுதாக முறுக்கிப் புறப்படுவதையும், திடீர் வேகத்தையும், கடும் பிரேக்கையும் தவிர்க்கச் சொல்கின்றன. யமஹாவின் சில கையேடுகளில் இன்னும் விளக்கமான படி முறை உண்டு. அதன் சாரம் இது:

0 – 150 கிலோமீற்றர்: அக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதிருத்தல். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, 5 – 10 நிமிடம் ஆறவிடுதல்.

150 – 500 கிலோமீற்றர்: பாதிக்கு மேல் நெடுநேரம் பிடிக்காதிருத்தல். கியர்களில் தாராளமாக ஏறி இறங்கலாம். முழுதாகத் திருப்புவது மட்டும் கூடாது.

500 – 1,000 கிலோமீற்றர்: முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதிருத்தல்.

இத்துடன் முக்கியமான இன்னொன்று: ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது. புத்தளம் – அநுராதபுரம் போன்ற நேரான பாதைகளில் ஐம்பதில் பிடித்தால் கை அசையாமலே போய்விடலாம். புது எஞ்சினுக்கு அது நல்லதல்ல. சற்றுக் கூட்டி, அக்சிலேட்டரை விட்டு, மறுபடி கூட்டிப் போக வேண்டும். கூட்டும்போது றிங்குகள் அழுந்துகின்றன. விடும்போது சற்று ஆறுகின்றன. இந்த நாட்களில் பின்னால் இருவரை ஏற்றுவது, மூட்டை கட்டுவது, கடுகண்ணாவை போன்ற நீண்ட ஏற்றங்களில் விரட்டுவது ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்காமல், முதல் ஓரிரு கிலோமீற்றரை நிதானமாக ஓட்டினால் எஞ்சின் தானே சூடேறிக்கொள்ளும்.

புதிது எஞ்சின் மட்டுமல்ல. டயரின் மேற்பரப்பு புதிதில் வழுக்கும் தன்மை கொண்டது. பிரேக்கும் முதல் சில நாட்கள் முழுப் பிடி தராது. மழை நாளில் வளைவுகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஒயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்

தேய்ந்த உலோகத் துகள் எல்லாம் ஒயிலில்தான் சேர்கிறது. முதல் ஒயிலை வடித்து வெயிலில் பார்த்தால் மினுமினுக்கும். எனவே முதற் சேர்விஸைக் கையேடு குறிப்பிடும் தூரத்திலேயே செய்ய வேண்டும். வாகனத்தைப் பொறுத்து அது பெரும்பாலும் 500க்கும் 1,000க்கும் இடையில் வரும். "ஒயில் இன்னும் நிறம் மாறவில்லை" என்று தள்ளிப் போடாதீர்கள். டப்பட் இடைவெளி, செயின் இழுவை, நட்டுகள் எல்லாம் அப்போதே பார்க்கப்படும். கூப்பன் தவறினால் உத்தரவாதமும் கேள்விக்குறியாகலாம்.

கார் ஒயிலை ஊற்றுவதும் பிழை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் கிளச் அதே ஒயிலுக்குள் மூழ்கியிருக்கிறது. கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது கிளச்சை வழுக்கச் செய்யும். போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்ற தரக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது வாகனம் வாங்க வசதியில்லாமல், பழைய எஞ்சினைப் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டவர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அங்கேயும் சுவர் புதிது, றிங் புதிது. ஒயிலை இன்னும் சீக்கிரமாக மாற்றினாலும் நட்டமில்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பசியும் களைப்பும் தாளாத ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அன்னார் அதன் சொந்தக்காரரைக் கண்டித்ததையும் அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். இரும்புக்கு உயிரில்லை, அது முறையிடாது. ஆனால் அதை வாங்கத் தாய் கழற்றிக் கொடுத்த காப்புகள் ஓர் அமானிதம். அதன் மேல் ஏறி இருக்கும் உயிர் அதைவிடப் பெரிய அமானிதம்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு எமது ஆலோசனை: மகனிடம் 'மெதுவாகப் போ' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் ஒரு காதால் புகுந்து மறு காதால் போய்விடும். கையேட்டை அவன் கையில் கொடுத்து, முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குரிய பொறுப்பையும் அவனிடமே ஒப்படையுங்கள். ஒரு கொப்பியில் திகதி, ஓடிய தூரம், ஒயில் அளவு ஆகியவற்றை அவனே எழுதி வரட்டும். சமமான இடத்தில் வாகனத்தை நிமிர்த்தி வைத்து வாரம் ஒரு தடவை ஒயில் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வேலை கொடுத்தவரிடமும், 'இந்த மாதம் தூரத்துப் பார்சல்களைக் குறைத்துக் கொடுங்கள்' என்று பணிவோடு கேட்கலாம். வாய் திறந்து கேட்பதில் குறைவில்லை.

ஆயிரம் கிலோமீற்றர் வரை கையை அடக்கப் பழகிய பிள்ளைக்கு, எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கவும் பழகிவிடும். அந்தப் பழக்கம் பின்னர் பாதையிலும் அவனோடு கூட வரும், இன்ஷா அல்லாஹ். பிஸ்மியோடு ஏறி, வாகனத்தை வசப்படுத்தித் தந்த இறைவனை நினைத்து ஓதும் துஆவையும் ஓதி, ஹெல்மட்டின் வாரைச் சரியாக மாட்டிக்கொண்டு அவன் புறப்படட்டும். அல்லாஹ் அவனது தொழிலில் பரக்கத் செய்வானாக!