தொண்ணூற்றாறு ஆடுகள்

கடல்கடந்த மாநகரொன்றில் எம்மவர் சங்கத்துக்குத் தலைமை பூண்டு விளங்கும் பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வன்னியிற் காட்டோரக் கிராமமொன்றிலே பாடசாலை எழுப்புவதற்காகத் தங்கள் சங்கத்தார் நிதி திரட்டத் தொடங்கியிருப்பதை அறிவிக்கும் விஞ்ஞாபனம், என் பழைய மாணவன் ஒருவன் மூலமாகச் சென்ற வாரம் என் கைக்கு வந்து சேர்ந்தது. இராப்போசன விருந்து, இசைக் கச்சேரி, நடைபவனி என மூன்று மார்க்கங்களாற் பணம் சேர்க்கப்படும் என்றும், ஒரு வகுப்பறையின் முழுச் செலவையும் ஏற்பவரின் பெயர் அவ்வறை வாயிலிற் கருங்கல்லிற் பொறிக்கப்படும் என்றும், தைப்பொங்கலுக்கு முன் திறப்புவிழா நடத்துவதே சங்கற்பம் என்றும் அதிற் கண்டேன். 38 ஆண்டுகள் கிராமப் பாடசாலைகளில் வெண்கட்டி பிடித்துவிட்டு இப்போது ஓய்வூதியத்தில் வாழ்கிற எனக்கு, பனியில் நடுங்கிக்கொண்டு இரண்டு வேலை பார்ப்பவனும் தான் காணாத ஊரொன்றின் பிள்ளைகளுக்காகக் காசு எடுத்து வைக்கிறான் என்பதைக் காட்டிலும் மனம் குளிரும் செய்தி பிறிதொன்று இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனெனில் இனிச் சொல்லப்போவதிற் கொஞ்சம் கசப்பு உண்டு.

தங்கள் பத்திரத்தை இரண்டு முறை வாசித்தேன். சுவரின் கனம் எத்தனை அங்குலம், கூரைத் தகடு என்ன நிறம், முகப்பு வளைவிற் சரஸ்வதி எந்தத் திசை நோக்கி வீற்றிருப்பாள் என்பன வரைக்கும் அதில் இருக்கின்றன. அங்கே படிப்பிக்கப்போகிறவர் யார் என்பது மாத்திரம் இல்லை.

யுத்தம் ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்தபின், அத்தகைய ஒரு பாடசாலைக்குப் பரீட்சை மேற்பார்வைக்காகச் சென்றிருந்தேன். ஊரின் பெயரும், கட்டிக்கொடுத்த ஸ்தாபனத்தின் பெயரும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தவர்களை நாணச் செய்வது என் நோக்கமன்று. வாயிலில் என் உயரத்துக்குக் கல்வெட்டு நின்றது. அதிலிருந்த பெயர்களை எண்ணினேன், 17. வகுப்பில் இருந்த பிள்ளைகளை எண்ணினேன், 11. விஞ்ஞானகூடம் என்று எழுதிய அறையிற் கண்ணாடிக் குழாய்கள் வைக்கோற் பொதியும் பிரியாமற் கிடந்தன. விஞ்ஞான ஆசிரியர் அந்தப் பாடசாலைக்கு ஒருபோதும் வந்ததில்லை. விறாந்தையிலே நிழல் நன்றாக இருந்தபடியால் அயல்வீட்டு ஆடுகள் படுத்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து விடிய முன் பஸ் ஏறி வந்து, பின்னேரம் பஸ் தவறிவிடுமே என்ற ஏக்கத்தோடு கடைசிப் பாடத்தை அரைவாசியில் விட்டு ஓடுகிற ஓர் இளம் ஆசிரியையும், ஊரிலே பிறந்து சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவுமின்றிப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு தொண்டர் ஆசிரியையுமே அப்பாடசாலை. கட்டடம் அவ்விருவருக்கும் மேலே ஒரு கூரை, அவ்வளவுதான்.

அயலார் பணத்திற் பள்ளி எழுவது எங்கள் நாட்டுக்குப் புதுமையன்று, ஐயா. 1816 இல் டானியல் பூவர் முதலிய அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிற் கால்வைத்தது முதல், நியூ இங்கிலாந்துக் கிராமங்களின் மாதர் சங்கங்களும் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களும் சதம் சதமாகச் சேர்த்த காசு பொஸ்டன் நகரத்துத் தலைமைச் சபைக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி எங்கள் பனங்காட்டுக்கு வந்து சேர்ந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையும், ஊர்கள்தோறும் சிறு திண்ணைப் பள்ளிகளும் அவ்வாறே எழுந்தன. ஒரு பிள்ளையின் ஊண் உடைச் செலவை ஏற்பவர் தாம் விரும்பிய நாமத்தை அப்பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது அக்காலத்து ஏற்பாடு. அப்படித்தான் விசுவநாதபிள்ளை கரலாகவும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸாகவும், சதாசிவம்பிள்ளை ஆர்னல்டாகவும் பாடசாலை இடாப்பில் ஏறினார்கள். தாங்கள் அறைவாயிலிற் பொறிக்கக் கருதுவதை அவர்கள் பிள்ளையின்மேலேயே பொறித்தார்கள். ஆதலாற் பெயர் பொறிக்கும் ஆசையைத் தங்கள் காலத்துக் குற்றமாக நான் சொல்லமாட்டேன்.

அந்தக் காசு வீணாயிற்று என்று சொல்பவன் நன்றி கொன்றவன். 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்களே. அவருட் பின்னவர் கலித்தொகையை 1887 இல் ஏட்டிலிருந்து அச்சேற்றியிராவிட்டால் அதனைச் செல்லு எவ்வளவு தூரம் தின்றிருக்கும் என்பதை யார் அறிவார்? தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகம் என்று 1886 இல் வெளியிட்டவரும் மேலே சொன்ன அந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளைதான். எங்கோ இருந்து காசு போட்டவர்கள் இவற்றுள் ஒன்றையும் எதிர்பார்த்துப் போட்டவர்கள் அல்லர்.

ஆனால் அக்கதைக்கு இன்னொரு பாகமும் உண்டு. அதனை விழாமேடைகளில் யாரும் பேசுவதில்லை. 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து வியாபாரம் படுத்தபோது பொஸ்டன் சபையின் வருவாய் சுருங்கிற்று. சுருங்கவே, யாழ்ப்பாணத்து ஊர்ப்பள்ளிகளிற் பெருந்தொகையானவை மூடப்பட்டு, மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயோர்க்கிற் சாத்திய வங்கிக் கதவு எங்கள் திண்ணையிலே வந்து மோதியது. அந்தப் பிள்ளைகளின் தாய் தந்தையருக்கு டொலர் என்றால் என்னவென்றும் தெரிந்திராது. அதன்பின் 1855 இல் அச்சபையின் காரியதரிசி ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்து, ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறதேயன்றித் தங்கள் சமயப் பணிக்கு உதவவில்லை, தாய்மொழிக் கல்வியே தகும் என்று அபிப்பிராயப்பட, செமினரியே மூடப்பட்டது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பின்னாளில் நம்மவர் தொண்டை வரளப் பேசிய தாய்மொழிக் கல்வியை அவர் அன்றே பேசிவிட்டார் என்பது ஒரு வேடிக்கை. என் வழக்கு அதுவன்று. வட்டுக்கோட்டையிற் பள்ளி இருப்பதா இல்லையா என்று தீர்மானித்தவர் வட்டுக்கோட்டையிற் பிள்ளை பெற்றவராயில்லை. பணம் எங்கே சேர்ந்ததோ அங்கே தீர்மானமும் சேர்ந்திருந்தது. அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்படுவதைக் காண 1872 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முறை ஊரவர்களும் முன்னின்று முயன்றார்கள்.

கடலுக்கு அப்பால் வைத்த பள்ளி நிலையாது என்பதன்று; எம்மவர் அவ்வாறு வைத்து நிலைத்ததும் உண்டு. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1864 இற் சிதம்பரத்திலும் ஒன்றை நிறுவினார். அது இன்றும் நடக்கிறது.

தங்கள் பத்திரத்தைக் கீழே வைத்தபின் எனக்கு நினைவுக்கு வந்தவை சோழர் காலத்துச் சாசனங்கள். தமிழாசிரியனுக்கு எல்லாம் கல்வெட்டிலேதான் போய் முடியும் என்று தாங்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுக் கேளுங்கள். கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவன் அக்காலத்தில் விளக்கை மாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்களின்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் கொடுக்கப்பட வேண்டும். அவற்றை ஏற்றுக்கொள்ளும் இடையன், கோயிலுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் வழங்கும். சாகாத ஆடு, மூப்படையாத ஆடு! எந்த ஆடு சாகாமல் இருந்தது? செத்ததற்கு ஈடாகக் குட்டியை நிறுத்தி, மந்தையின் தொகையைக் குறையாமற் காக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆடு சாகும்; தொகை சாகாது. கொடுத்தவன் மறைந்து, அவன் வமிசமும் மறைந்து, அரசே மாறினாலும் நெய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த மூளை அது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தஞ்சைக் கல்லிற் கொடுத்தவரின் பெயரோடு நின்றுவிடாமல், மந்தையைப் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்களையும், அவர்களோடு பிணைநின்ற உறவினர் பெயர்களையும் ஊர்வாரியாக வெட்டிவைத்தார்கள். இராசராசனைப் பொறித்த அதே கல்லில் ஆட்டிடையனுக்கும் இடம் இருந்தது.

தாங்கள் கொடுக்கப்போவது விளக்கு. நான் கேட்பது, ஆடு எங்கே என்று.

பிறநாட்டு உதாரணம் ஒன்று சொல்லாவிட்டால் நம்மவருக்கு எதிலும் நம்பிக்கை பிறவாது. ஆகவே அதனையும் சொல்கிறேன். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலறி 1960 இல், எற்றி என்னும் பனிமனிதனைத் தேடி நேபாளத்துக்குச் சென்றபோது, கும்ஜுங் என்ற ஷெர்ப்பாக் கிராமத்தில் எற்றியின் மண்டைத்தோல் என்று போற்றி வைத்திருந்த ஒன்றைப் பரிசோதனைக்காக இரவல் கேட்டார். ஊரார் சும்மா கொடுக்கவில்லை. தம் பெரியவர் ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்ல வேண்டும், ஊருக்கும் நன்மை செய்ய வேண்டும் என்று பேரம் பேசினார்கள். தோலும் பெரியவரும் சிக்காகோ, பாரிஸ், லண்டன் எல்லாம் சுற்றித் திரும்பினர். அது ஆட்டினத்தைச் சேர்ந்த ஒரு மலைமிருகத்தின் தோல் என்று விஞ்ஞானிகள் முடிவுகட்டினார்கள். ஊருக்கோ 1961 இற் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஹிலறி அலுமினியக் கட்டடத்தைத் தேடியதோடு நில்லாமல், டார்ஜிலிங்கிலிருந்து ஷெர்ப்பா ஆசிரியர் ஒருவரையும் தேடிக்கொண்டுவந்தார். அதன்பின் வேறு ஊரார் மனுக் கொடுத்துக் கேட்கக் கேட்க, அவர்கள் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டினார். சாகும்வரை அந்த மலைக்குத் திரும்பத் திரும்பப் போனார். முதலிற் கேட்டவர்கள் ஊரார் என்பதையும், கேட்ட துணிவோடு பேரமும் பேசினார்கள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். தாங்கள் தெரிந்தெடுத்த வன்னிக் கிராமத்தவர் தங்களிடம் என்ன கேட்டார்கள்? பத்திரத்தில் அவர்கள் குரல் ஒரு வரியிலும் இல்லையே!

இங்கே நிலைமை இன்னும் சிக்கலானது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. 1987 இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகளின் பரிபாலனம் மாகாணத்தின் பொறுப்பாயிற்று. ஆகையால் எவ்வளவு பொன் கொட்டி மாளிகை எழுப்பினாலும், ஆசிரியர் நியமனக் கடிதம் தங்கள் சங்கத்திலிருந்து வரப்போவதில்லை, திணைக்களத்திலிருந்துதான் வரவேண்டும். வலயக் கல்விப் பணிமனையாரை அழைத்து நாடா வெட்டச் செய்வதற்கு முன், இத்தனை ஆசிரியர்களை இப்பாடசாலைக்கு விடுவோம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் அத்திவாரக்கல்லைத் தொடாதீர்கள். அப்படி வரும் ஆசிரியர் பஸ்ஸுக்கு ஓடாமல் ஊரில் இரவு தங்குவதற்கு, தாங்கள் கட்ட நினைத்த ஆறு வகுப்பறைகளில் இரண்டைக் குறைத்து, கிணறும் மலசலகூடமும் உள்ள ஒரு சிறு ஆசிரியர் விடுதியைக் கட்டுங்கள். அதன் வாயிலில் யார் பெயரையும் பொறிக்க யாரும் ஆசைப்படமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கிராமத்திற் பிள்ளைகள் கணிதம் படிப்பதா இல்லையா என்பது அந்த விடுதியிலேதான் இருக்கிறது.

திரட்டும் நிதியிற் பாதியைச் செலவழிக்காமல், பெற்றோர் அங்கம் வகிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலும் தங்கள் சங்கத்தின் பெயரிலும் கூட்டாக வங்கியில் நிலையான வைப்பில் இடுங்கள். அதன் வட்டியிலே, நான் கண்ட தொண்டர் ஆசிரியையைப் போன்ற ஒருவருக்கு மாதப்படி கொடுக்கலாம். காற்றுப் பறித்த தகட்டை மாற்றலாம். பழுதான நீர்ப்பம்பியைத் திருத்தலாம். 2022 இல் எங்கள் ரூபாய் சரிந்த வேகத்தைக் கண்டவர்கள், வைப்புப் பணமும் சாகாத ஆடு அன்று என்பார்கள். உண்மைதான். அதனாலேயே ஒவ்வோராண்டும் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்றும், முதலை எக்காரணத்தாலும் தொடலாகாது என்றும், கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை எழுத வேண்டும். செத்த ஆட்டுக்குக் குட்டியை நிறுத்தும் உபாயம் இதுதான். ஊரார் களவெடுத்துவிடுவார்கள் என்று தங்கள் நிர்வாகசபையில் ஒருவர் சொல்லக்கூடும். கட்டட ஒப்பந்தகாரர்களிடம் பெருந்தொகையை நம்பிக் கொடுக்கத் துணிந்தவர்கள், தம் பிள்ளைகளுக்காகக் காவலிருக்கும் தாய்மாரை நம்பக் கூடாதா?

பெயர் பொறித்தே ஆகவேண்டும் என்று கொடையாளர்கள் வற்புறுத்தினால், பொறியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவர்கள் பெயரையும், முதல் ஆண்டிற் படிப்பிக்க வந்தவர்களின் பெயரையும் அதே கல்லில், அதே அளவான எழுத்திற் சேர்த்துப் பொறியுங்கள். தஞ்சையிற் செய்ததைத்தான் செய்யச் சொல்கிறேன்.

தைப்பொங்கலுக்குள் இவ்வளவும் ஆகாது. திறப்புவிழா ஓராண்டு பிந்தட்டும். பிள்ளைகள் மரநிழலிற் படித்துப் பழகியவர்கள், பொறுத்துக்கொள்வார்கள். அதற்குள் தாங்களோ தங்கள் நிர்வாகசபையினர் எவரேனுமோ ஒரு மாதமாவது வந்து அவ்வூரிலே தங்குங்கள். எனக்கு இன்னும் நடக்க முடிகிறது, கூட வருகிறேன்.

இம்மடலோடு என் ஒரு மாத ஓய்வூதியத்தையும் அம்மாணவன் கையிற் கொடுத்தனுப்புகிறேன். அதனைக் கட்டடக் கணக்கில் வைக்க வேண்டாம், வைப்புக் கணக்கில் வையுங்கள். பற்றுச்சீட்டை அக்கிராமத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் முகவரிக்கு அனுப்பினாற் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியன்